வீட்டுக்கு வந்த முதல் இசைத்தட்டு

எந்தக் குடும்பத்திலும் சில "முதல்"கள் உண்டு. முதல் கடிகாரம், முதல் சைக்கிள், முதல் மின்சார விளக்கு என்று பெரியவர்கள் வரிசையாகச் சொல்வார்கள். அவை எந்த வருஷம் வந்தன, என்ன விலைக்கு வந்தன என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் தடுமாறுவார்கள். ஆனால், "நம் வீட்டில் முதன்முதலாக வாங்கிய பாட்டு எது?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். பாடியவர் யார், என்ன ராகம், எந்தக் கடை, யார் கூடப் போனார்கள், எத்தனை நாள் காசு சேர்த்தார்கள் என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பல சமயங்களில் அந்தப் பாட்டே வந்துவிடும்! சுருதி கொஞ்சம் விலகி இருந்தால் நாம் குறை சொல்லக் கூடாது; எண்பது வயதில் நமக்கு அவ்வளவாவது நிற்கிறதா, பார்க்கலாம்.

இந்த ஒரு ஞாபகம் மட்டும் இவ்வளவு அழுத்தமாக நிற்பதற்குக் காரணம் என்ன? கடிகாரம் வாங்கினால் வீட்டுக்கு ஒரு சாமான் வருகிறது. சைக்கிள் வாங்கினாலும் அப்படித்தான். இசைத்தட்டு வாங்கியபோதோ வீட்டுக்கு ஒரு மனிதர் வந்தார். முகம் தெரியாத மனிதர். ஊரும் உறவும் அறியாதவர். நேரில் வந்து வாசலில் நின்றிருந்தால் உள்ளே அழைத்திருப்பார்களா என்பதே சந்தேகமானவர். அப்பேர்ப்பட்டவர் கூடத்தின் நடுவில் அமர்ந்து பாடினார். அந்த விருந்தாளியைப் பற்றித்தான் இங்கே சற்றுப் பேசலாம் என்று உத்தேசம்.

கல்கத்தாவில் தொடங்கிய கதை

1877-ம் வருஷத்தில் அமெரிக்காவில் எடிசன் மனிதக் குரலை ஓர் உருளையில் பதிந்து, அதையே திரும்பப் பேசும்படி செய்தார். பத்து வருஷம் கழித்து எமில் பெர்லினர் என்பவர் உருளையைத் தள்ளிவிட்டு, தட்டையான வட்டத் தட்டைக் கொண்டுவந்தார். பார்ப்பதற்கு இது சிறிய மாறுதல்தான். ஆனால் தட்டை அச்சு வெல்லம் போல அச்சிலிட்டு ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுக்கலாம். ஆகவே பாட்டு சந்தைக்கு வந்தது.

நம் தேசத்தில் அந்தச் சந்தை கூடியது 1902-ம் வருஷம் நவம்பர் மாதத்தில். லண்டன் கம்பெனியின் ஒலிப்பதிவாளரான பிரெட் கெய்ஸ்பர்க் தமது யந்திரங்களுடன் கல்கத்தா வந்து சேர்ந்தார். அங்கே பிரசித்தி பெற்ற பாடகி கௌஹர் ஜான் அவருடைய புனலுக்கு முன்னால் நின்று பாடினார். மூன்று நிமிஷத்துக்குள் பாட்டை முடித்துவிட்டு, கடைசியில் ஆங்கிலத்தில், தம் பெயர் கௌஹர் ஜான் என்று உரக்கச் சொன்னார். பெருமைக்காகச் சொன்னது என்று நினைக்க வேண்டாம். பதிவான மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரத்துக்குக் கப்பலேறிப் போய், அங்கே தொழிற்சாலையில் அச்சாகித் திரும்பி வரவேண்டும். அங்குள்ள தொழிலாளிகளுக்கு இந்துஸ்தானி தெரியாது. யார் பாடியது என்று அவர்கள் அறிந்து சரியான சீட்டை ஒட்டுவதற்காகவே இந்த ஏற்பாடு. 1908-ம் வருஷத்தில் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வைத்த பிறகு, பாட்டு சமுத்திரம் தாண்டும் சிரமம் ஒழிந்தது. கௌஹர் ஜான் தம் கடைசிக் காலத்தில் தெற்கே மைசூருக்கு வந்து, 1930-ல் அங்கேயே காலமானார்.

அந்தக் காலத்துப் பதிவு முறையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஒலிவாங்கி கிடையாது, மின்சாரமும் கிடையாது. பாடுகிறவர் ஒரு பெரிய புனலுக்குள் தலையை நீட்டாத குறையாக நின்று, தொண்டை கிழியப் பாட வேண்டும். அந்தக் காற்றின் வலிமை ஒன்றேதான் ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். சன்னமாகப் பாடினால் கோடு விழாது. திடீரென்று தாரஸ்தாயியில் வீறிட்டால் ஊசி துள்ளிவிடும். தவறு நேர்ந்தால் அழித்து எழுத வழியில்லை. புது மெழுகில் முதலிலிருந்து பாட வேண்டியதுதான். 1925-ம் வருஷத்தில் மின்சாரப் பதிவு வந்த பிறகே பாடகர்கள் மனிதர்களைப் போல நின்று பாட முடிந்தது.

இந்தத் தொல்லைக்குப் பெரிய வித்வான்கள் பலர் முதலில் உடன்படவில்லை. யந்திரத்தில் பாடினால் குரல் போய்விடும் என்று சிலருக்குப் பயம். நாலு மணி நேரம் பாட வேண்டியதை நாலு நிமிஷத்துக்கு நறுக்குவதா என்று சிலருக்குக் கோபம். கண்டவர்கள் கண்ட இடத்தில் கேட்பார்களே என்று சிலருக்குக் கவலை. அந்தச் சமயத்தில் துணிந்து முன்வந்தவர்கள் பெண்கள். சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சீபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய பெயர்கள் அந்த ஆரம்பகாலத் தட்டுகளில் பொறிக்கப்பட்டன. கோயம்புத்தூர் தாயியின் பாட்டில் மனம் பறிகொடுத்த பிரெஞ்சு இசைப் புலவர் மாரிஸ் தெலாஜ் அவருடைய தட்டுகளைச் சேகரித்துத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். அந்தப் பாணியின் சாயலைத் தாம் எழுதிய இசையிலும் கொண்டுவந்தார். தாயியின் குரல் பாரிஸ் மாநகரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் நம் ஊர்க் கூடங்களுக்கு வர அதற்கு இன்னும் கொஞ்சம் காலம் பிடித்தது.

அரக்கும் மூன்று நிமிஷமும்

அந்தத் தட்டு எதனால் ஆனது என்பது பலருக்குத் தெரியாது. கறுப்பாகப் பளபளத்ததால் ஏதோ சீமைச் சரக்கு என்றே ஜனங்கள் எண்ணினார்கள். உண்மையில் அதன் ஜீவநாடி நம் நாட்டு அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் மரக்கிளைகளை மொய்க்கும் சின்னஞ்சிறு பூச்சிகள் கக்கும் பிசின்தான் அரக்கு. அதைச் சுரண்டி, உருக்கி, வடித்து, கற்பொடியும் கரிப்பொடியும் பஞ்சு நாரும் கலந்து அழுத்தினால் இசைத்தட்டு. உலகத்து இசைத்தட்டுகளுக்கெல்லாம் அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே போயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மேல்நாடுகளில் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி, உடைத்து, உருக்கிப் புதுத் தட்டு செய்தார்கள். பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகை எரிந்து போயிற்று. சங்கீதத்துக்குக் கட்டிய அரக்கு மாளிகை கீழே விழுந்து உடைந்தது. இரண்டும் ஒருவகையில் ஒன்றே.

10 அங்குலத் தட்டு நிமிஷத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது மூன்று நிமிஷம், மிஞ்சினால் இன்னும் சில விநாடிகள். இந்தக் கணக்குக்குள் கர்நாடக சங்கீதத்தை அடக்குவது யானையைப் பானைக்குள் அடக்குகிற வித்தைதான். இருந்தாலும் நம்மவர்கள் அதைச் செய்தார்கள். இரண்டே பிடியில் ராகத்தின் முகத்தைக் காட்டிவிட்டுப் பல்லவிக்குத் தாவினார்கள். சங்கதிகளில் பொறுக்கி எடுத்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கடைசிச் சுற்றில் ஊசி நடுவட்டத்தை நெருங்குவதற்குள் சரணத்தை முடித்து மூச்சுவிட்டார்கள். ஒரு பக்கம் முழுவதும் ராகம், மறுபக்கம் கீர்த்தனை என்று பங்கிட்டவர்களும் உண்டு. வளவளவென்று நீட்டாமல் சுருங்கச் சொல்லி விளங்க வைக்கும் கலையை யந்திரம் கற்பித்தது என்று கூடச் சொல்லலாம். சபைகளில் சிலரது கச்சேரியைக் கேட்கும்போது, அந்தப் பாடத்தை அடியோடு மறந்துவிட்டார்களே என்று நமக்குத் தோன்றியதுண்டு.

கூடத்தில் நடந்த விவாதம்

இனி, நம் சொந்த வீட்டுச் சமாசாரம் ஒன்று. இதை நமக்குச் சொன்னவர் நம் பாட்டி. நமக்குப் பத்து வயதிருக்கும்போது, அதாவது 1990-ம் வருஷத்தை ஒட்டி, கோடை விடுமுறை இரவுகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் வளரும். ஆனால் பிளேட்டின் பெயர் மட்டும் மாறாது.

1934-ம் வருஷம். நம் தாத்தா கும்பகோணத்தை அடுத்த ஊரில் குமாஸ்தாவாக இருந்தார். மாதச் சம்பளம் முப்பது ரூபாய். மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடமிருந்து சல்லிசாக ஒரு கிராமபோன் பெட்டி அவர் கைக்கு வந்தது. பெட்டி வந்ததே தவிர அதனுடன் பிளேட் வரவில்லை. ஆறு மாதம் அந்தப் பெட்டி கூடத்து மூலையில், பால் கறக்காத பசுவைப் போல நின்றுகொண்டிருந்தது. பிளேட் ஒன்றின் விலை ஏறத்தாழ மூன்று ரூபாய். மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு! கடைசியில் ஒரு நாள் தாத்தா கும்பகோணம் சென்று, கடிகாரமும் சைக்கிள் சாமானும் விற்கும் ஒரு கடையில் பிளேட்டும் ஊசி டப்பாவும் வாங்கி வந்தார். பேருந்தில் வந்தால் உடைந்துவிடும் என்று பயந்து, நெஞ்சோடு அணைத்தபடி மாட்டுவண்டியில் வந்தாராம்.

பிளேட்டில் இருந்தது எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டு.

விஷயம் தெரிந்ததும் கொள்ளுப்பாட்டி சமையலறையிலிருந்து வெளியே வந்தார். "ஏண்டாப்பா, நாடகக்காரர் பாட்டெல்லாம் நம் வீட்டுக் கூடத்திலேயா?" என்று கேட்டார். தாத்தாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கிட்டப்பாவின் தேன் குரலைக் கேட்க நாடகக் கொட்டகைகளில் ஜனங்கள் முண்டியடித்த காலம் அது. ஆனால் நாடகக் கொட்டகைக்குப் போவது வேறு, அந்தப் பாட்டைப் பூஜை அறைக்கு எதிரே ஒலிக்கவிடுவது வேறு என்று கொள்ளுப்பாட்டி நினைத்தார். பதினெட்டு வயது மருமகளான நம் பாட்டி கதவுக்குப் பின்னால் நின்று, "ஒரே ஒரு தடவை வைக்கச் சொல்லுங்களேன், அத்தை" என்று மெல்லச் சொன்னாராம். அந்தத் துணிச்சல் எப்படி வந்தது என்று பாட்டிக்கே கடைசிவரை வியப்பு.

சாவி கொடுத்தார்கள். ஊசியை வைத்தார்கள். மூன்று நிமிஷம் கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. முடிந்ததும் கொள்ளுப்பாட்டி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். ஒரு வாரம் கழித்து, அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "அந்தப் பிள்ளையை இன்னொரு தரம் பாடச் சொல்லு."

கிட்டப்பா 1933-ம் வருஷம் டிசம்பரில், தமது இருபத்தேழாவது வயதில் காலமாகிவிட்டார் என்பது கொள்ளுப்பாட்டிக்குத் தெரியாது. பல மாதம் பாட்டை ரசித்த பிறகு யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள். அன்று முழுவதும் பிளேட் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மறுநாள் விளக்கு வைத்ததும் அவரே, "வை" என்றாராம்.

இறந்துபோனவருடைய குரலை உயிரோடு கேட்ட முதல் தலைமுறை அது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அதற்கு முன் ஆயிரம் வருஷங்களில் எத்தனையோ மகா வித்வான்கள் பாடினார்கள். அவர்கள் போனதும் குரலும் போயிற்று. தியாகராஜரின் கீர்த்தனைகள் நம்மிடம் இருக்கின்றன. அவர் குரல் இல்லை. கிட்டப்பாவின் குரல் இருக்கிறது. இந்த வித்தியாசத்தை முதலில் உணர்ந்தவர்கள் சங்கீத சாஸ்திரிகள் அல்லர். நம் கொள்ளுப்பாட்டியைப் போல அடுப்படியில் நின்று கேட்டவர்கள்தாம்.

குரல் நுழைந்த கதவுகள்

இந்த மாதிரி விவாதம் அந்நாளில் எத்தனையோ வீடுகளில் நடந்திருக்க வேண்டும். ஏனென்றால், தட்டில் பாடியவர்களில் பெரும்பாலோர், கேட்டவர்களின் வீட்டுக்குள் சமமாக வந்து உட்காரக் கூடியவர்களாக அன்றைய சமூகம் கருதவில்லை. பாடகிகள் பலர் தேவதாசி மரபில் வந்தவர்கள். நடிகர்களுக்கு "கூத்தாடி" என்ற பட்டம். நாதஸ்வர வித்வானைக் கல்யாணத்துக்கு அழைப்பார்கள். பந்தியில் சரிசமமாக அமர்த்துவதற்கு யோசிப்பார்கள்.

பெங்களூர் நாகரத்தினம்மாள் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைத் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கோயிலாக எழுப்பினார். அப்படி எழுப்பிய பிறகும், ஆராதனையில் பாடுவதற்குப் பெண்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் சளைக்காமல் பெண்களுக்கென்றே தனி ஆராதனை நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில்தான் கட்சிகள் ஒன்றாகி, பெண்களும் அங்கே பாடும் நிலை வந்தது. ஆனால் அதற்கு முன்பே அவர் போன்ற பாடகிகளின் குரல் ஆயிரக்கணக்கான கூடங்களில் ஒலித்துவிட்டது. சன்னிதியில் அடைத்த கதவை இசைத்தட்டு வீடுகளில் திறந்துவிட்டது. யந்திரத்துக்கு ஜாதி தெரியாது. ஊசிக்கு ஆசாரம் தெரியாது. மனிதர்கள் செய்யத் தயங்கியதை மூன்று ரூபாய்த் தட்டு சத்தமில்லாமல், இல்லை, நல்ல சத்தத்துடனேயே செய்தது.

பெட்டி வாங்க வசதியில்லாதவர்களும் கேட்டார்கள். ஒரு வீட்டில் கிராமபோன் பாடினால் திண்ணை நிரம்பும்; தெருவில் நிற்பவர்களும் உண்டு. சபையில் டிக்கட் வாங்க முடியாதவரும், சில இடங்களில் நுழையவே முடியாதவரும், தெருவில் நின்று ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்க முடிந்தது. அந்தத் தோடியை ஒரு தடவை கேட்டவர், தாம் நின்ற இடம் தெருவா சபையா என்பதை மறந்திருப்பார் என்பதில் சந்தேகமில்லை.

தேசத்தின் குரலும் இந்த வழியாகவே வந்தது. 1931-ம் வருஷம் லண்டனுக்குச் சென்ற காந்தி மகாத்மாவை கொலம்பியா கம்பெனியார் தட்டுக்குப் பேசும்படி வேண்டினார்கள். அரசியல் பேச அவர் இசையவில்லை. கடவுளைப் பற்றித் தாம் முன்பு எழுதியதைப் படித்தார். அவரை ஒருநாளும் காணாத ஜனங்கள் அந்தத் தட்டில் அவர் குரலைக் கேட்டார்கள். கிட்டப்பாவின் மனைவி கே. பி. சுந்தராம்பாளின் பாட்டு காங்கிரஸ் மேடைகளுக்கு ஜனங்களைத் திரட்டியது. அதே குரல் தட்டாகவும் வீடுகளில் ஒலித்தது.

பாரதியாரின் பாடல்களுக்கு ஏற்பட்ட அநுபவம் இன்னும் விசித்திரமானது. அந்தப் பாட்டுப் புத்தகங்களை 1928-ம் வருஷத்தில் சென்னை அரசாங்கம் பறிமுதல் செய்தது. பின்னர் அந்தப் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை வியாபாரப் பொருளாகிக் கைமாறியது. இசைத்தட்டு வியாபாரத்தில் தொடங்கிப் படத்தொழிலுக்கு வந்த ஏவி. மெய்யப்பன் அந்த உரிமையை வாங்கி வைத்திருந்தார். 1947-ல் அவர் எடுத்த "நாம் இருவர்" படத்தில் டி. கே. பட்டம்மாள் பாரதி பாடல்களைப் பாடினார். ஆனால் மற்றவர்கள் பாட உரிமையாளரைக் கேட்க வேண்டும். பாரதி பாட்டு எல்லோருக்கும் சொந்தம் என்று தமிழ்நாடு குரல் எழுப்பிற்று. மெய்யப்பன் தம் உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார். 1949-ம் வருஷத்தில் அரசாங்கம் பாரதி பாடல்களைப் பொதுச் சொத்தாக்கியது. ஒரு கவியின் பாட்டு யாருடையது என்ற கேள்வியை நம் நாட்டில் இவ்வளவு உரக்க எழுப்பியதற்கு இந்தக் கறுப்புத் தட்டும் ஒரு காரணம்.

நாம் வாங்கிய முதல் பாட்டு

மேல்நாட்டில் 1948-ல் நெடுநேரத் தட்டு வந்தது. அது அரக்கு அல்ல, வினைல்; எளிதில் உடையாது; பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் பாடும். நம் ஊரில் பழைய 78 சுற்றுத் தட்டு 1960-கள் வரை தாக்குப்பிடித்தது. 1963-ல் எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் வேங்கடேச சுப்ரபாதம் நெடுநேரத் தட்டாக வந்தது. அதன் உரிமைத் தொகையை அவர் திருப்பதி தேவஸ்தானத்துக்கே அளித்துவிட்டார். அதற்காகவே ரிகார்டு பிளேயர் வாங்கியவர்கள் நமக்குத் தெரிந்தே பலர். பாட்டுப் பெட்டியை ஒரு காலத்தில் பூஜை அறைக்கு எதிரே வைக்கத் தயங்கிய வீடுகளில், அதே பெட்டி இப்போது பொழுது விடியுமுன் சுவாமியைத் துயிலெழுப்பும் உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டது!

நம் தலைமுறைக்கு வாய்த்தது ஒலிநாடா. 1980-களில் பெட்டிக்கடை அகலமுள்ள இடத்திலெல்லாம் கேஸட் கடை முளைத்தது. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி, காலி கேஸட்டுடன் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். அந்தத் தாளை எழுதுவது பரீட்சை எழுதுவதைவிடக் கஷ்டமான காரியம். அறுபது நிமிஷ நாடாவில் பன்னிரண்டு பாட்டுதான் அடங்கும். அக்காவுக்கு மூன்று, அம்மாவுக்கு இரண்டு, அப்பாவுக்கு ஒரு பழைய பாட்டு என்று பங்கு பிரித்த பிறகு நமக்கு மிஞ்சுவதற்காக நடந்த சண்டைகளை இங்கே விவரிக்க இடமில்லை.

நாமே நம் சொந்தக் காசில் முதலில் வாங்கியது 1994-ம் வருஷத்தில். கட்டுரைப் போட்டியில் கிடைத்த பரிசுப் பணம். வாங்கியது இளையராஜாவின் "ஹௌ டு நேம் இட்" என்ற வாத்திய இசை நாடா, 1986-ல் வெளிவந்தது. தியாகராஜரையும் ஜெர்மனி தேசத்துப் பாக் என்பவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் பேசவிட்ட மாதிரி இருக்கும் அந்த இசை. வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். முழுவதும் கேட்டுவிட்டு நம் அப்பா, "இதிலே ஒருத்தரும் பாடவே இல்லையேடா; பாதி விலைக்குக் கொடுத்தானா?" என்று கேட்டார். அந்த வருஷம் முழுவதும் நம்மிடம் இருந்த சொந்த நாடா அது ஒன்றுதான். வேறு இல்லாததால் அதையே கேட்டோம். பத்தாவது தடவை கேட்டபோதுதான் அடியில் ஓடும் தந்தி வாத்தியங்களின் சம்பாஷணை காதில் விழுந்தது. முப்பதாவது தடவையில், அப்பாவே அடுத்த அறையிலிருந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

காசு கொடுத்துத் தேர்ந்தெடுத்த பாட்டுக்கு இந்த ஒரு குணம் உண்டு. பிடிக்கவில்லை என்று அடுத்த கணமே தள்ளிவிட முடியாது. வந்த விருந்தாளி வந்தவர்தான். பழகித்தான் ஆக வேண்டும். பழகப் பழகவே அவரது அருமை தெரிகிறது. இப்போது கைப்பேசியில் கோடிப் பாட்டு கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. தேடி அலைந்தும் கிடைக்காத பழைய தட்டுகளைக் கூட அதில் கேட்கிறோமே! வாசலில் கோடிப் பேர் நிற்கும்போது யாரையும் உட்காரச் சொல்லத் தோன்றுவதில்லை என்பதுதான் விஷயம்.

உடைந்த தட்டு

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள், நாம் கற்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நண்பருடைய கிராமபோனை இரவல் வாங்கிச் சென்றோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். "பேட்டரி எங்கே, சார்?" என்றான் ஒருவன். பேட்டரி இல்லை, மின்சாரமும் வேண்டாம், உன் கையால் சாவி கொடு, பாடும் என்றோம். அவன் சாவி கொடுத்தான், பாடிற்று. நாற்பது பிள்ளைகள் மூன்று நிமிஷம் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். நம் உத்தியோக காலத்தில் அப்படி ஒரு நிசப்தத்தை நாம் பாடம் நடத்திப் பெற்றதில்லை.

அவரவர் வீட்டில் முதலில் வாங்கிய பாட்டு எது என்று கேட்டு எழுதி வரும்படி சொல்லி அனுப்பினோம். மறுநாள் விதவிதமான விடைகள் வந்தன. ஒரு பையன் மட்டும் எழுதி வரவில்லை. பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மேஜைமேல் வைத்தான். பிரித்தால், இரண்டாக உடைந்த ஓர் இசைத்தட்டு. லேபிளில் ஒரு நாதஸ்வர வித்வானின் பெயர் பாதி இந்தத் துண்டிலும் பாதி அந்தத் துண்டிலும் இருந்தது.

"இதிலே தவில் வாசித்தது எங்கள் கொள்ளுத்தாத்தா, சார். பெயர் போடவில்லை. அப்பா சின்ன வயதிலே கேட்டாராம். அப்புறம் உடைந்துவிட்டது. நான் கேட்டதே இல்லை" என்றான்.

அந்நாளில் பக்கவாத்தியக்காரர்களின் பெயரைப் பல தட்டுகளில் அச்சிடுவதில்லை. ஆகவே அந்தக் குடும்பத்தைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் அது அவருடைய தவில் என்று தெரியாது. உடைந்த தட்டை மூன்று தலைமுறையாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார்கள். எறிய மனம் வரவில்லை.

உடைந்த தட்டைப் படிக்கவும் இப்போது வழி உண்டு. அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஹேபர் என்ற பௌதிக விஞ்ஞானியும் அவரது தோழர்களும், ஊசியே படாமல், தட்டின் கோடுகளைப் படமெடுத்து அதிலிருந்து ஒலியை மீட்கும் முறையை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள். ஆனால் அவ்வளவு தூரம் போவதற்கு முன் இன்னொரு வழி இருக்கிறது. அச்சு வெல்லம் போல ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுத்தார்கள் என்று சொன்னோம் அல்லவா? அதே தட்டின் வேறொரு பிரதி, உடையாமல், எங்கேயோ ஒரு வீட்டுப் பரணில் இருக்கக் கூடும். அந்த வீட்டாருக்கு அது பழைய பிளேட். இந்தப் பையனுக்கு அது கொள்ளுத்தாத்தா.

ஆகையால் நேயர்களுக்கு நம் விண்ணப்பம் இதுதான். வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய தட்டுகள் அகப்பட்டால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காமல், புத்தகம் போல நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியைத் துடைக்கலாம். ஸ்பிரிட் மட்டும் கூடவே கூடாது, அது அரக்கைக் கரைத்துவிடும். துருப்பிடித்த ஊசியை வைத்துச் சோதிக்க வேண்டாம். லேபிளில் உள்ள பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்; லேபிளில் இல்லாத பெயர் எவருக்காவது தெரிந்திருந்தால் அதையும் எழுதுங்கள். சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் இத்தகைய பழம்பொருள்களின் அருமை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். மும்பையில் 1990-ல் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கமே அமைத்தார்கள். கேட்டால் வழி சொல்லுவார்கள்.

தட்டு இல்லாத வீடுகளிலும் ஒரு காரியம் செய்யலாம். இன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ அவரிடம், முதலில் வாங்கிய பாட்டு எது என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அவரே பாட ஆரம்பித்தால், தயவுசெய்து நடுவில் நிறுத்தாதீர்கள். மூன்று நிமிஷந்தானே!